இந்தி பேசுவோரின் ஆங்கிலப் பிழைகள்

இந்தி பேசுவோரின் ஆங்கிலப் பிழைகள் என்பது இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் பேசும்போதும் எழுதும்போதும் பரவலாகக் காணப்படும் ஒலிப்பு, இலக்கண, சொல்லாட்சிப் பிழைகளைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை கவனக்குறைவால் நேர்பவை அல்ல. இந்தியின் ஒலியமைப்பும் இலக்கணமும் ஆங்கிலத்தினின்று எங்கெங்கு வேறுபடுகின்றனவோ, அங்கெல்லாம் அவை ஒழுங்கான முறையில் தோன்றுகின்றன. எனவே வேறுபாடு எங்கே உள்ளது என்பதை அறிந்துகொண்டால் பிழையை முன்கூட்டியே கணிக்கவும் திருத்தவும் இயலும்.

இப்பிழைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. கேட்போர் நகைக்கும் பிழைகள் பல, பொருளைச் சிறிதும் கெடுப்பதில்லை. மாறாக, எவரும் கவனியாமல் விட்டுவிடும் சில பிழைகள் சொல்ல வந்த பொருளையே மாற்றிவிடுகின்றன. திருத்தத்தில் முதலிடம் பெறவேண்டியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே.

== பின்னணி ==

இந்தி, இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தேவநாகரி எழுத்தில் எழுதப்படுகின்றது. 2011 ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 52.83 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 43.63 விழுக்காட்டினர், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் எனக் கணக்கிடப்பட்டனர். போச்புரி, இராசத்தானி, மகதி முதலிய பல மொழிகளைப் பேசுவோரும் இந்த எண்ணிக்கையில் அடங்குவர். அதே கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 2.6 இலட்சம் பேர் மட்டுமே. இரண்டாம் மொழியாகக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 8.3 கோடி, மூன்றாம் மொழியாகக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 4.6 கோடி.

இந்த எண்கள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. இந்தியாவில் ஆங்கிலம் கற்போர், அதனைத் தாய்மொழியாகப் பேசுவோரிடமிருந்து கற்பது அரிது. தம்மைப் போலவே அதனைக் கற்றுக்கொண்ட ஆசிரியரிடமிருந்தே கற்கின்றனர். ஆகவே ஒரு தலைமுறையின் பிழை அடுத்த தலைமுறைக்குப் பாடமாகவே சென்று சேர்வதுண்டு.

இந்தியர்களின் ஆங்கிலப் பிழைகளைத் தொகுக்கும் முயற்சி பழமையானது. பம்பாய் மாகாணத்தில் குடிமைப்பணி அலுவலராக இருந்த சி. சி. விட்வொர்த், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபுத்தொடர்ப் பிழைகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1907 இல் வெளியானது.

== பிழைகள் தோன்றும் முறை ==

1957 இல் அமெரிக்க மொழியியலாளர் இராபர்ட் லாடோ, கற்போனின் தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்விடங்களில் இடர்ப்பாடு நேரும் என்பதை உணரலாம் என எடுத்துரைத்தார். இம்முறை முரண்நிலைப் பகுப்பாய்வு எனப்படுகின்றது. 1967 இல் பிட் கார்டர், அவசரத்திலும் சோர்விலும் நேரும் தவறு வேறு, கற்போனின் மனத்தில் அமைந்துள்ள விதியினால் நேரும் பிழை வேறு எனப் பிரித்துக் காட்டினார். முன்னதைப் பேசுபவரே உடனே திருத்திக்கொள்வார். பின்னதை அவரால் பிழை என்றே உணர இயலாது. 1972 இல் லாரி செலிங்கர், கற்போர் பயன்படுத்தும் மொழி தாய்மொழியும் அன்று, இலக்கு மொழியும் அன்று, தனக்கென விதிகளைக் கொண்ட ஓர் 'இடைமொழி' என விளக்கினார்.

தாய்மொழியின் தாக்கம் ஒன்றே காரணம் அன்று. ஒரு விதியைக் கற்றபின் அதனை அளவுக்கு மீறி எல்லா இடங்களிலும் பொருத்துவதும், பாடநூலில் எது முதலில் கற்பிக்கப்படுகின்றது என்பதும் பிழைகளுக்குக் காரணமாகின்றன.

== ஒலிப்புப் பிழைகள் ==

=== சொல்லின் முதலில் வரும் மெய்ம்மயக்கம் ===

'ஸ்கூல்', 'ஸ்டேஷன்' ஆகிய சொற்களை உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய பகுதிகளில் பலர் 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என ஒலிக்கின்றனர். சொல்லின் முதலில் சகரமும் வேறொரு மெய்யும் இணைந்து வருவது பேச்சுவழக்கு இந்திக்கு இயல்பானதன்று. சமற்கிருதத்தின் 'ஸ்த்ரீ' என்னும் சொல் பாளி மொழியில் 'இத்தீ' ஆனதை நோக்க, இந்த முன்னுயிர் சேர்க்கும் பழக்கம் ஆங்கிலம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தமை புலப்படும்.

திருத்தம்: இந்தி பேசுவோரால் இம்மெய்களைச் சேர்த்து ஒலிக்க முடியாது என்பதில்லை. 'நமஸ்கார்' என்னும் சொல்லின் நடுவில் அதே சேர்க்கையை அவர்கள் எளிதாக ஒலிக்கின்றனர். அச்சொல்லை மெதுவாகச் சொல்லி, 'நம' என்னும் பகுதியை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் ஒலித்துப் பழகலாம். சகரத்தைச் சற்று நீட்டித் தொடங்கினால் முன்னுயிர் நுழைய இடமிராது.

=== இதழ்ப்பல் ஒலியும் இதழ் குவிந்த ஒலியும் ===

ஆங்கிலத்தில் மேற்குத் திசையைக் குறிக்கும் சொல்லும் உள்சட்டையைக் குறிக்கும் சொல்லும் முதலொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னது இரு இதழ்களையும் குவித்தும், பின்னது மேற்பல் கீழ் இதழில் படுமாறும் ஒலிக்கப்படுகின்றது. இந்தியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே வகர ஒலியே உள்ளது. தமிழிலும் நிலைமை இதுவே. தமிழ் எழுத்தில் இவ்விரு சொற்களும் 'வெஸ்ட்' என்றே எழுதப்படும்.

திருத்தம்: கண்ணாடியின் முன் நின்று பழகுதல் பயன் தரும். திசைச் சொல்லை 'உ' என இதழ் குவித்துத் தொடங்க வேண்டும், பற்கள் தெரியலாகாது. ஆடைச் சொல்லுக்கு மேற்பல் கீழ் இதழைத் தொட வேண்டும்.

=== குறுகிய எகரம் ===

இந்தியில் நெடிய ஏகாரம் உண்டு. அதன் குறில் தனி ஒலியனாக இல்லை. தேவநாகரியில் அதற்குத் தனி எழுத்தும் வழக்கில் இல்லை. இதனால் சோதனையைக் குறிக்கும் 'டெஸ்ட்', சுவையைக் குறிக்கும் 'டேஸ்ட்' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களும் தேவநாகரியில் ஒரே வகையாக எழுதப்படுகின்றன. 'பெற' எனப் பொருள்படும் 'கெட்', வாயிலைக் குறிக்கும் 'கேட்' ஆகியவையும் அவ்வாறே. எகர ஏகார வேறுபாடு தமிழில் இருப்பதால் இப்பிழை தமிழரிடம் அரிது.

திருத்தம்: நெட்டுயிரில் நாக்கு மேலெழுந்து முடிகின்றது, குறிலில் ஒலி சட்டென நின்றுவிடுகின்றது. இவ்விணைச் சொற்களை மாறிமாறி ஒருவர் ஒலிக்க, மற்றவர் எது எனக் கண்டறியும் பயிற்சி ஏற்றது. காதால் பிரித்தறிய இயலாத ஒலியை வாயால் பிரித்து ஒலிப்பது கடினம் ஆகையால், கேட்டல் பயிற்சி முதலில் அமைய வேண்டும்.

=== அதிர்வுடைய சகரம் ===

சுழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி பல இந்தி பேசுவோரிடம் 'ஜீரோ' என ஜகரமாகின்றது. பாரசீக, அரபுச் சொற்களின் வழியாக அதிர்வுடைய சகர ஒலி இந்திக்குள் வந்துள்ளது. தேவநாகரியில் ஜகர எழுத்தின் கீழ் ஒரு புள்ளி இட்டு அதனைக் காட்டுவர். ஆயினும் அச்சில் அப்புள்ளி பெரும்பாலும் விடுபடுவதால் ஒலியும் விடுபடுகின்றது. திருத்துவதற்கு, 'ஸ்' என நீட்டி ஒலித்துக்கொண்டே தொண்டையில் விரல் வைத்து அதிர்வு உண்டாகுமாறு செய்து பழகலாம்.

=== சொல்லழுத்தம் ===

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். பிற அசைகளின் உயிரொலி மங்கிவிடும். 'பிரசென்ட்' என்னும் சொல் முதலசையில் அழுத்தம் பெற்றால் பரிசு எனப் பெயர்ச்சொல்லாகவும், இரண்டாம் அசையில் பெற்றால் வழங்குதல் என வினைச்சொல்லாகவும் பொருள்படும். இந்தியில் அழுத்தம் இவ்வாறு பொருளை மாற்றுவதில்லை. 1969 இல் ஐதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனம் வெளியிட்ட ஆர். கே. பன்சலின் ஆய்வு, இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு விளங்காமற்போவதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லழுத்தத்தைக் குறிப்பிட்டது. புதுச்சொல்லைக் கற்கும்போதே அகராதியில் அதன் அழுத்தக் குறியையும் பார்த்துக் கற்பதே இதற்கு வழி.

== வினைச்சொற் பிழைகள் ==

=== 'சின்ஸ்', 'ஃபார்' மயக்கம் ===

பிழை: ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்.
திருத்தம்: ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்.

இந்தி பேசுவோரின் பிழைகளுள் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று. இதில் உண்மையில் இரு பிழைகள் உள்ளன. முதலாவது, கால அளவுக்கும் தொடக்கப் புள்ளிக்கும் இந்தி 'ஸே' என்னும் ஒரே உருபைப் பயன்படுத்துகின்றது. 'தோ ஸால் ஸே' என்றால் இரண்டு ஆண்டுகளாக. '2010 ஸே' என்றால் 2010 முதல். தமிழ் 'ஆக', 'முதல்' எனப் பிரிப்பதுபோல ஆங்கிலமும் இரண்டாகப் பிரிக்கின்றது. இரண்டாவது, கடந்த காலத்தில் தொடங்கி இன்றும் தொடரும் செயலை இந்தி நிகழ்காலத் தொடர்வினையால் கூறுகின்றது. ஆங்கிலமோ முற்றுநிலைத் தொடர்வினையைக் கேட்கின்றது.

எளிய விதி: எத்தனை நாள் என்னும் வினாவுக்கு விடையாயின் 'ஃபார்', எப்போதிருந்து என்னும் வினாவுக்கு விடையாயின் 'சின்ஸ்'. இரண்டிலும் வினை 'ஹேவ் பீன்' அல்லது 'ஹேஸ் பீன்' எனத் தொடங்கும்.

=== தேவையற்ற 'ஹேட்' ===

பிழை: ஐ ஹேட் கான் டு டெல்லி யெஸ்டர்டே.
திருத்தம்: ஐ வென்ட் டு டெல்லி யெஸ்டர்டே.

இந்தியில் 'மைம் கல் தில்லி கயா தா' என்பது இயல்பான தொடர். அதன் இறுதியிலுள்ள 'தா' என்னும் துணைவினையைக் கற்போர் 'ஹேட்' என மொழிபெயர்க்கின்றனர். ஆங்கிலத்தில் இவ்வடிவம் கடந்த காலத்தின் இரு நிகழ்வுகளுள் முந்தியதை மட்டும் சுட்டும். ஆதலால் இப்பிழையைக் கேட்கும் ஆங்கிலேயர், 'அதன்பின் என்ன நடந்தது?' எனக் காத்திருப்பார். ஒரே ஒரு நிகழ்வைக் கூறும்போது எளிய இறந்தகாலமே போதும்.

=== நிலைவினைகளில் தொடர்வடிவம் ===

பிழை: ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.
திருத்தம்: ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.

உடைமை, அறிவு, விருப்பம் முதலிய நிலைகளைக் குறிக்கும் வினைகள் ஆங்கிலத்தில் பொதுவாகத் தொடர்வடிவம் ஏற்பதில்லை. இந்தியில் 'சமஜ் ரஹா ஹூம்', 'லக் ரஹா ஹை' என்பன போலப் புரிதலையும் தோன்றுதலையும் தொடர்வடிவில் கூறுதல் இயல்பு. எனினும் இப்பிழை பிற இந்திய மொழி பேசுவோரிடமும் காணப்படுவதால் இந்தியின் தாக்கம் ஒன்றே காரணம் எனக் கூற இயலாது. நிசீம் எசக்கியேல் (1924–2004) இந்திய ஆங்கிலத்தைப் பகடி செய்து எழுதிய கவிதைகளில் இவ்வடிவம் முதன்மையான கருவியாக அமைந்துள்ளது. நகைப்புக்குரியதாயினும், பொருள் மயக்கம் தராத பிழை இது.

=== 'அன்டில்' உடன் எதிர்மறை ===

பிழை: வெயிட் அன்டில் ஹி டஸ் நாட் கம்.
திருத்தம்: வெயிட் அன்டில் ஹி கம்ஸ்.

இந்தியில் 'ஜப் தக் வஹ் நஹீம் ஆதா' என எதிர்மறை சேர்த்தே கூறுவர். 'அவன் வராதிருக்கும் வரை' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் 'அன்டில்' என்னும் சொல் 'வரும் வரை' என்னும் பொருளைத் தானே தருவதால் எதிர்மறை சேர்ப்பது பொருளைக் குலைக்கும். எழுத்து வடிவிலான அறிவுறுத்தல்களில் இப்பிழை ஆபத்தானது. 'விளக்கு அணையும் வரை பொத்தானை அழுத்துக' எனக் கூற வந்த தொடர், 'விளக்கு அணையாத வரை' என வந்தால் படிப்போர் தடுமாறுவர்.

=== நிபந்தனைத் தொடரில் எதிர்காலம் ===

பிழை: இஃப் இட் வில் ரெயின், ஐ வில் நாட் கம்.
திருத்தம்: இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்.

இந்தியில் 'அகர்' தொடங்கும் பகுதியிலும், 'தோ' தொடங்கும் பகுதியிலும் எதிர்காலம் வரலாம். ஆங்கிலத்தில் எதிர்கால நிபந்தனையைக் கூறும் பகுதி பொதுவாக நிகழ்காலத்திலேயே நிற்கும்.

== பெயர்ச்சொற் பிழைகள் ==

* '''சுட்டுச்சொற்கள்:''' 'எ', 'ஆன்', 'த' ஆகியவற்றுக்கு நிகரான சொற்கள் இந்தியில் இல்லை. 'சன் ரைசஸ் இன் ஈஸ்ட்' என்பது பிழை. 'த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்' என்பது சரி. கேட்போருக்கு எது எனத் தெரியுமா என்னும் வினாவே முதற்படி. தெரிந்த ஒன்றாயின் 'த'. தெரியாத, எண்ணத்தக்க ஒன்றாயின் 'எ' அல்லது 'ஆன்'. எழுத்தைக் கொண்டன்றி ஒலியைக் கொண்டே 'ஆன்' வரும். ஆதலின் 'ஆன் அவர்', 'எ யூனிவர்சிட்டி' என்பனவே சரியானவை.

* '''எண்:''' இந்தியில் முடியைக் குறிக்கும் 'பால்' பன்மையாகவும், கத்தரியைக் குறிக்கும் 'கைஞ்சீ' ஒருமையாகவும் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் இவை தலைகீழாக அமைகின்றன. எனவே தலைமுடியை 'ஹேர்ஸ்' என்பதும், கத்தரியை 'எ சிசர்' என்பதும் பிழைகளாகும். 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்' ஆகியவை பன்மை ஏலாதவை. எண்ண வேண்டின் 'எ பீஸ் ஆஃப்' எனத் தொடங்கலாம்.

* ''''ஒன் ஆஃப்' தொடர்:''' 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பது பிழை. பலருள் ஒருவர் என்பதால் பின்வரும் பெயர் பன்மையாக, 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்' என வரும். அதன் வினைமுற்று மட்டும் ஒருமையில் நிற்கும்.

* '''பால்:''' இந்தியில் உடைமைச் சொல், உடையவரின் பாலைக் காட்டாது. உடைமைப் பொருளின் பாலைக் காட்டும். 'உஸ்கீ மாம்' என்பது அவனுடைய தாயையும் குறிக்கும், அவளுடைய தாயையும் குறிக்கும். தாய் பெண்பால் ஆதலால் உருபு பெண்பாலாயிற்று. இதனால் 'ராம் அண்ட் ஹெர் சிஸ்டர்' போன்ற பிழைகள் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் உடையவர் யார் என்று மட்டுமே நோக்க வேண்டும்.

* '''மரியாதைப் பன்மை:''' தந்தை, ஆசிரியர் முதலியோரை இந்தி பன்மையால் குறிக்கும். தமிழின் 'வந்தார்' என்பதும் இத்தகையதே. ஆங்கிலத்தில் இவ்வழக்கம் இல்லை. 'மை ஃபாதர் ஹேவ் கம்' என்பதை 'மை ஃபாதர் ஹேஸ் கம்' எனத் திருத்துவதால் மரியாதை குறைந்துவிடாது.

== முன்னிடைச்சொற் பிழைகள் ==

இந்தியில் வேற்றுமை உறவுகள் பெயருக்குப் பின் வரும் சில உருபுகளால் காட்டப்படுகின்றன. அவற்றுள் 'ஸே' ஒன்றே ஆங்கிலத்தின் 'ஃபிரம்', 'வித்', 'பை', 'தேன்', 'சின்ஸ்' எனப் பலவற்றின் பணியைச் செய்கின்றது. கற்போர் உருபை மொழிபெயர்க்க முற்படும்போது பிழை நேர்கின்றது.

* பிழை: ஹி இஸ் அஃப்ரெய்ட் ஃபிரம் டாக்ஸ். திருத்தம்: ஹி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்.
* பிழை: ஷி இஸ் மேரீட் வித் எ டாக்டர். திருத்தம்: ஷி இஸ் மேரீட் டு எ டாக்டர்.
* பிழை: ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ. திருத்தம்: ஹி இஸ் ஆங்ரி வித் மீ.
* பிழை: ஐ ஆஸ்க்ட் ஃபிரம் ஹிம் ஹிஸ் நேம். திருத்தம்: ஐ ஆஸ்க்ட் ஹிம் ஹிஸ் நேம்.
* பிழை: வி டிஸ்கஸ்ட் அபவுட் த பிளான். திருத்தம்: வி டிஸ்கஸ்ட் த பிளான்.

இவற்றுக்குப் பொதுவிதி கூற இயலாது. வினையையும் அதனுடன் வரும் இடைச்சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்தலே சிறந்த வழி.

== தொடரமைப்புப் பிழைகள் ==

=== வினாத் தொடர் ===

பிழை: வேர் யூ ஆர் கோயிங்?
திருத்தம்: வேர் ஆர் யூ கோயிங்?

இந்தியில் வினா எழுப்பும்போது சொற்களின் வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் துணைவினை எழுவாய்க்கு முன் செல்லும். இவ்விதியைக் கற்றுக்கொண்டோர், பின்னர் அதனை வேண்டாத இடத்திலும் பொருத்துவதுண்டு. 'ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி' என்பது அவ்வாறு தோன்றிய பிழை. வினா வேறொரு தொடருக்குள் அடங்கியிருந்தால் வரிசை மாறாமல் 'வேர் ஹி இஸ்' என்றே வரும்.

=== அயற்கூற்று ===

பிழை: ஹி செட் தட் ஐ வில் கம்.
திருத்தம்: ஹி செட் தட் ஹி வுட் கம்.

இந்தியில் 'உஸ்னே கஹா கி மைம் ஆவூங்கா' எனும்போது 'கி' என்னும் இணைப்புச்சொல்லுக்குப் பின் சொன்னவரின் சொற்கள் அவ்வாறே வருகின்றன. தமிழில் 'நான் வருவேன் என்று அவன் சொன்னான்' என்பதும் அத்தகையதே. ஆங்கிலத்தில் 'தட்' சேர்ந்தவுடன் 'ஐ' என்பது பேசிக்கொண்டிருப்பவரைக் குறிக்கும். ஆகவே வருபவர் யார் என்பதே மாறிவிடுகின்றது. இலக்கண வகையில் குறையேதும் தென்படாததால், கேட்பவர் பிழையை உணராமலே தவறாகப் புரிந்துகொள்வார். வாக்குமூலம், கூட்டக் குறிப்பு, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் இதனால் ஒருவரின் பொறுப்பு மற்றொருவர் மேல் ஏறிவிடக்கூடும்.

=== 'போத்' உடன் எதிர்மறை ===

பிழை: போத் டிட் நாட் கம்.
திருத்தம்: நெய்தர் ஆஃப் தெம் கேம்.

இந்தியின் 'தோனோம் நஹீம் ஆயே' என்னும் தொடருக்கு இருவருமே வரவில்லை என்பது பொருள். ஆங்கிலத்தில் பிழைத்தொடரைக் கேட்போர், இருவருள் ஒருவர் மட்டும் வந்தார் எனவும் கொள்ள இடமுண்டு.

=== இரட்டை இணைப்புச்சொல் ===

'ஹாலாங்கி' எனத் தொடங்கி 'லேகின்' எனத் தொடர்வது இந்தி வழக்கு. எனவே 'ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்' என்பர். ஆங்கிலத்தில் 'ஆல்தோ', 'பட்' ஆகிய இரண்டில் ஒன்றே போதும்.

== சொல்லாட்சிப் பிழைகள் ==

* '''தேர்வு கொடுத்தல்:''' இந்தியில் மாணவர் தேர்வைக் 'கொடுக்கிறார்', ஆசிரியர் 'எடுக்கிறார்'. ஆங்கிலத்தில் இது முற்றிலும் தலைகீழ். 'ஐ கேவ் ஆன் எக்ஸாம்' எனக் கூறும் மாணவரை ஆங்கிலேயர் தேர்வு நடத்தியவராகக் கருதுவார். 'ஐ டுக் ஆன் எக்ஸாம்' என்பதே சரி.

* '''மூடுதல்:''' கதவை மூடுவதற்கும் விளக்கை அணைப்பதற்கும் இந்தியில் 'பந்த் கர்னா' என்னும் ஒரே வினை உண்டு. அதனால் 'குளோஸ் த லைட்' என்பர். மின்கருவிகளுக்கு 'சுவிட்ச் ஆஃப்' அல்லது 'டர்ன் ஆஃப்' என்பது வழக்கு.

* ''''ஒன்லி' என்னும் அழுத்தச் சொல்:''' இந்தியின் 'ஹீ' என்பது தமிழின் தேற்றேகாரம் போன்றது. 'ஆஜ் ஹீ' என்பதற்கு 'இன்றே' என்பது பொருள். அதனை 'டுடே ஒன்லி' என்றால், 'இன்று மட்டும், நாளை இல்லை' எனப் பிறர் கொள்ளக்கூடும்.

* '''அடுக்குச்சொல்:''' 'கரம் கரம் சாய்' என்பதை 'ஹாட் ஹாட் டீ' என்பர். தமிழிலும் 'சின்னச் சின்ன' என அடுக்குவது இயல்பாதலால் இவ்வழக்கு இரு மொழியினர்க்கும் பொது. எழுத்தில் இதனைத் தவிர்த்து 'பைப்பிங் ஹாட் டீ' போன்ற ஆங்கில மரபைக் கையாளலாம்.

* '''அறிமுகம்:''' 'மைசெல்ஃப் ராகுல்' என்பது பிழை. 'ஐ ஆம் ராகுல்' என்பது சரி. 'வாட் இஸ் யுவர் குட் நேம்' என்பது 'சுப நாம்' என்னும் பணிவு வழக்கின் மொழிபெயர்ப்பு. 'வாட் இஸ் யுவர் நேம், பிளீஸ்' எனக் கேட்கலாம்.

== பிழையா, வழக்கா ==

இந்தியரின் ஆங்கிலத்தில் இங்கிலாந்து வழக்கினின்று வேறுபடும் யாவும் பிழை எனக் கொள்வது பொருந்தாது. சிறீநகரில் பிறந்த மொழியியலாளர் பிரச் கச்ரு (1932–2016), இந்திய ஆங்கிலம் தனக்கெனச் சமூகப் பின்புலமும் நெறிகளும் கொண்ட ஒரு வகைமை என வாதிட்டார். ஆங்கிலத்தின் இந்தியமயமாக்கம் பற்றிய அவரது நூல் 1983 இல் வெளிவந்தது. குறித்த நாளுக்கு முன்னதாக நகர்த்துதல் எனப் பொருள்படும் 'பிரிபோன்' என்னும் சொல் இந்தியாவில் பரவலாக வழங்குகின்றது. இன்று ஆக்சுபோர்டு அகராதியிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஒரு வழக்கு பிழையா, வகைமையா என முடிவு செய்ய மூன்று வினாக்கள் உதவும்:

# கேட்பவர் வேறு பொருள் கொள்வாரா?
# நன்கு கற்ற இந்தியர்களும் தயக்கமின்றி எழுத்தில் அதனைப் பயன்படுத்துகின்றனரா?
# எழுதப்படுவது யாருக்காக? இந்தியாவிற்குள் செல்லும் மடலா, அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் விண்ணப்பமா?

'டுடே ஒன்லி' என்பது தில்லியில் எவருக்கும் விளங்கும். இலண்டனில் மயக்கம் தரும். 'அன்டில்' உடன் எதிர்மறை சேர்ப்பதோ இரு நகரங்களிலும் பிழையே.

== திருத்தும் முறைகள் ==

எல்லாப் பிழைகளையும் ஒரே வேளையில் திருத்த முற்படுவோர் பேசவே அஞ்சுவர். ஒவ்வொரு தொடரிலும் இடைமறித்துத் திருத்தப்படும் மாணவர், பிழையைவிட மௌனமே பாதுகாப்பானது எனக் கற்றுக்கொள்கிறார். எனவே பின்வரும் வரிசை பொருத்தமானது.

# '''பொருளை மாற்றும் பிழைகள்:''' அயற்கூற்று, 'அன்டில்', 'போத்' உடன் எதிர்மறை, தேர்வு கொடுத்தல், 'ஹிஸ்', 'ஹெர்' மயக்கம்.
# '''விளங்குவதைத் தடுக்கும் ஒலிப்புகள்:''' சொல்லழுத்தம், எகர ஏகார வேறுபாடு, இருவகை வகரம்.
# '''எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் மதிப்பெண் குறைக்கும் பிழைகள்:''' 'சின்ஸ்', 'ஃபார்' மயக்கம், சுட்டுச்சொற்கள், தேவையற்ற 'ஹேட்', முன்னிடைச்சொற்கள்.
# '''நடை சார்ந்தவை:''' அடுக்குச்சொல், 'குட் நேம்' முதலியன. இவற்றை முறைசார் எழுத்தில் தவிர்த்தால் போதும்.

பயிற்சிக்குச் சில வழிகள் பயனுடையவை. தமது எழுத்தைப் படித்துப் பார்க்கும்போது ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுதல் வேண்டும். முதன்முறை சுட்டுச்சொற்கள், அடுத்த முறை வினைகள் எனப் பிரித்துக்கொள்ளலாம். பிழைத்தொடர், இந்தி மூலத்தொடர், திருந்திய தொடர் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதிவருதலும் நன்று. மூலத்தொடரைப் பார்த்தவுடன், தாம் ஆங்கிலத்தில் சிந்திக்காமல் இந்தியை மொழிபெயர்த்தமை கற்போருக்கே புலப்படும். அதன்பின் அதே வகைப் பிழை வேறு தொடரில் வரும்போது தாமே கண்டுகொள்வர்.

ஆசிரியருக்கும் இந்தி தெரிந்திருப்பது இதில் குறையன்று, வலிமையே. 'இது தவறு' என மட்டும் கூறுபவரைவிட, 'இந்தியில் இது சரி. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வழி பிரிகின்றது' எனக் காட்டுபவரின் மாணவர் விரைவில் திருந்துவர். தம் தாய்மொழி குறையுடையது என்னும் எண்ணமும் அவர்களிடம் ஏற்படாது.